வெட்டியெடுத்த ஆணியைக் குப்பையில் போடாதீர்கள்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, பெருநகர சென்னை மாநகராட்சியின் பொதுச் சுகாதாரத் துறை.

அன்புடையீர், வணக்கம்.

திருவொற்றியூர் தொடங்கி திரு.வி.க. நகர் வரை, மாநகராட்சியின் முதல் ஆறு மண்டலங்களில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், நர்சிங் ஹோம்கள், தெருமுனை கிளினிக்குகள் எல்லாவற்றையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். புதிய கட்டடமோ வெளிநாட்டு மிஷினோ கேட்கவில்லை. பாதத்திலிருந்தோ உள்ளங்கையிலிருந்தோ நகத்துக்கு அடியிலிருந்தோ எதை அறுத்து எடுத்தாலும், அது வெறும் கால் ஆணிதான் என்று எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும், அந்தத் துண்டைச் சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று ஓர் உத்தரவு போடுங்கள். பிளேடால் சீவிப் போடுகிற தோல் பொருக்கைச் சொல்லவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, கத்தி வைத்து எடுக்கிறார்களே, அதைச் சொல்கிறேன். கூடவே, இரண்டு மாதம் கட்டுப் போட்டும் ஆறாத பாதப் புண் என்றால், அதிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். எங்கள் ஆயாவின் வலது குதிகால்தான் காரணம்.

ஆயா காசிமேட்டு மீன்காரி. விடியுமுன் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் சங்கராவும் கவளையும் எடுத்து, ஐஸ் தண்ணீரிலும் செதிலிலும் மணிக்கணக்கில் நின்று, அப்புறம் அன்னக்கூடையோடு தண்டையார்பேட்டைத் தெருக்களில் நடந்து விற்றவர். அப்படிப்பட்ட காலில் முள் குத்தும், சிப்பி கிழிக்கும், பித்தவெடிப்பும் சேற்றுப்புண்ணும் மாறி மாறி வரும். இதற்கு நடுவே குதிகாலில் ஒரு கறுப்புத் திட்டு எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. நடுவில் அது கெட்டியாகி, கால் ஊன்றும்போது உறுத்த ஆரம்பித்ததும் பார்த்தவர்கள் எல்லாரும் ஆணி என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஆணிக்கு முதல் வைத்தியம் மருதாணியும் மஞ்சளும் அரைத்து வைத்துக் கட்டுவது. மருதாணி ஏறிய பாதத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு எல்லாம் ஒன்றாகிவிடும். திட்டு எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்தது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஆணி பிளாஸ்டர். அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் தோலை அரித்துப் புண்ணாக்கியது. புண்ணில் நீர் கசிந்தது, செருப்பில் ரத்தக்கறை பட்டது. ஆயாவுக்கு சர்க்கரை வேறு உண்டு. கேட்கவே வேண்டாம், அதன் பிறகு எல்லாருக்கும் அது 'சுகர் புண்'.

கடைசியில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் அதை அறுத்து எடுத்தார்கள். பேரைச் சொல்லப் போவதில்லை. இப்படிப்பட்ட இடம் அது ஒன்று மட்டுமில்லை. பத்து நிமிட வேலை. "வேரோட எடுத்தாச்சும்மா, இனிமே வராது" என்றார் மருத்துவர். நானும் அறையில் இருந்தேன். மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு. ஒரு பக்கம் தடித்த மஞ்சள் தோல், உள்ளே கறுப்பு. அதைப் பஞ்சோடு பஞ்சாக மஞ்சள் பையில் போட்டார்கள். மருத்துவக் கழிவு விதிகளின்படி சதையைப் போட வேண்டிய பை அதுதான். அந்த விதியை மட்டும் சரியாகவே பின்பற்றினார்கள்.

சில மாதங்களில் அதே தழும்பின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு சதை மொட்டு வந்தது. சுற்றிலும் மைத்துளி தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. இந்த முறை அரசு மருத்துவமனை. அங்கே தோல் பிரிவில் ஓர் இளம் மருத்துவர் கையடக்க லென்ஸை வைத்துப் பார்த்தார், நெறியைத் தொட்டுப் பார்த்தார், பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "முன்னாடி எடுத்தாங்களே, அந்த ரிப்போர்ட் எங்கேம்மா?"

ரிப்போர்ட்டே இல்லை. அந்தக் கேள்வியின் கனம் எங்களுக்கு அன்றைக்குப் புரியவில்லை. இன்று புரிவதால் எழுதுகிறேன்.

ஆயாவுக்கு வந்தது அக்ரல் லென்டிஜினஸ் மெலனோமா. தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய் மெலனோமா. அதில் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது இந்த வகை. 1976-ல் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் (எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்பவர்) ரிச்சர்ட் ரீட் இதைத் தனி வகையாக எழுதினார். மெலனோமா என்றாலே வெள்ளைக்காரர்களின் நோய் என்று நினைக்கிறோம். ஒரு வகையில் சரிதான்: ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு லட்சத்தில் முப்பது பேருக்கும் மேல் வருகிறது, இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் மாநிறமும் கறுப்புமான நம்மைப் போன்றவர்களுக்கு மெலனோமா வந்தால் அது பெரும்பாலும் காலில்தான் வருகிறது. அந்த நாடுகளில் முதுகையும் முகத்தையும் பார்க்கச் சொல்லும் அறிவுரையை இங்கே அப்படியே சொல்லிப் பயனில்லை. வெயிலில் போகாதே, கிரீம் தடவு என்பதற்கும் இந்த நோய்க்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. உள்ளங்காலில் எங்கே வெயில் படுகிறது?

அப்படியானால் எதனால் வருகிறது? முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. கட்டிகளின் மரபணுவைப் படித்துப் பார்த்ததில், மற்ற மெலனோமாக்களில் தெரியும் வெயில் பாதிப்பின் தடயம் இதில் மிகக் குறைவு. ஜப்பானில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், பாதத்தில் உடல் எடை அழுந்தும் பகுதிகளான குதிகால், முன்பாதம், வெளியோரம் ஆகிய இடங்களில்தான் இது அதிகம் வருவதாகத் தெரிந்தது. அழுத்தம்தான் காரணம் என்று அதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கிறது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது எங்கள் ஆட்கள் கையாலும் வாளியாலும் அதை அள்ளினார்கள். ஆயாவின் நோய் தெரிந்ததும் தெருவில் பாதிப் பேர் "அந்த எண்ணெய்தான்" என்றார்கள். மீதிப் பேர் அனல் மின் நிலையச் சாம்பல் என்றார்கள். எண்ணெயைப் பற்றியும் சாம்பலைப் பற்றியும் உங்களிடமும் மற்றத் துறைகளிடமும் கேட்க எங்களுக்கு நிறையவே இருக்கிறது. ஆனால் அவற்றால்தான் இந்தப் புற்று வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. இரண்டு வழக்கையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டுமே தோற்கும். அதனால் இந்த மடலில் அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது அந்த இளம் மருத்துவரின் கேள்விக்கு வருகிறேன்.

மெலனோமாவில் எல்லாமே முதலில் எடுத்த துண்டின் ஆழத்தில் இருக்கிறது. 1970-ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோய்க்குறியியல் மருத்துவர் கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளந்து, அந்த அளவே நோயின் போக்கைச் சொல்கிறது என்று காட்டினார். உலகம் முழுக்க இன்றைக்கும் அதுதான் அளவுகோல். மெலனோமா பொதுவாக 1 மி.மீ.க்குள் இருக்கும்போது எடுத்துவிட்டால், பத்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நலமாக இருக்கிறார்கள். 4 மி.மீ.யைத் தாண்டிவிட்டால் கணக்கே வேறு. சுற்றிலும் எவ்வளவு தோல் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதும் இதை வைத்துத்தான் முடிவாகிறது: 1 மி.மீ. வரை என்றால் 1 செ.மீ., 2 மி.மீ.க்கு மேல் என்றால் 2 செ.மீ. ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு 5 செ.மீ. வெட்டினார்கள். குதிகாலில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் நடையைப் பறிக்கும் என்பதால் இந்தக் கணக்கு எங்களுக்குச் சாதாரண விஷயமல்ல. நெறி வெளியே தெரியாதபோதே, 0.8 மி.மீ.க்கு மேல் இருந்தால் தொடையிடுக்கில் நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய நெறியைச் சாயமும் கதிரியக்க மருந்தும் செலுத்திக் கண்டுபிடித்து எடுத்துப் பார்க்கலாமா என்று யோசிப்பார்கள். அதற்கும் அந்த மில்லிமீட்டர் கணக்குதான் வாசல்.

மஞ்சள் பையில் போன துண்டோடு ஆயாவின் மில்லிமீட்டரும் போய்விட்டது. அன்றைக்கு அது 1 மி.மீ.யா 3 மி.மீ.யா, ஓரம் சுத்தமாக வந்ததா, மேலே புண்ணாகியிருந்ததா, இப்போது யாராலும் சொல்ல முடியாது. நோயைத் தவறாகக் கணித்தார் என்பதற்காக அந்த மருத்துவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இவ்வளவு அரிய நோயை அவர் அதற்குமுன் பார்த்தே இருக்க மாட்டார். அவர் பார்க்காததைப் பார்த்துச் சொல்ல ஒரு நோய்க்குறியியல் மருத்துவர் இருந்திருப்பார். அவரிடம் போய்ச் சேர ஒரு சின்ன டப்பாவும் ஒரு சீட்டும் போதும். எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான்.

சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல இடங்களில் அந்த டப்பாவை வீட்டு ஆள் கையில் கொடுத்து, வெளியே லேப்பில் கொடு என்கிறார்கள். ஏழைக் குடும்பத்துக்கு அது தனிச் செலவு, "ஆணிதானே, எதுக்கு?" என்று பாதிப் பேர் கொடுக்காமலே விட்டுவிடுவார்கள். அரசுப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ச் சேரும் பொறுப்பை எடுத்தவர்களே ஏற்கட்டும். தனியார் கிளினிக்கிலிருந்து வரும் பாதத் துண்டுகளையும் ராயபுரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ பெரியார் நகர் அரசு மருத்துவமனையிலோ இலவசமாக வாங்கிக்கொள்ள ஒரு ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். சீட்டில் இடம் எது, எத்தனை நாளாக இருக்கிறது, நிறம் இருந்ததா என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் 'மெலனோமா' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் ஆழம், மேற்புண், ஓரங்கள் எல்லாம் இருக்க வேண்டும். துண்டைப் பதித்து வைக்கும் மெழுகுக் கட்டியைப் பத்திரமாக வைத்திருந்தால் பின்னால் எந்த மருத்துவரும் திரும்ப அறுத்துப் பார்க்கலாம். அந்த மெழுகுக் கட்டி எதற்கு உதவும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, எல்லாக் கறுப்பையும் வெட்டச் சொல்கிறேனா? இல்லை. நம் தோலில் உள்ளங்காலில் பழுப்புப் புள்ளிகள் இருப்பது சாதாரணம். பல விரல் நகங்களில் மெல்லிய கோடுகள் ஓடுவதும் நம் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு, அது நோயல்ல. பயமுறுத்தும் போஸ்டர் ஒட்டினால் ஸ்டான்லி வாசலில் கூட்டம்தான் சேரும். கவனிக்க வேண்டியது வேறு: வளர்ந்த ஆளுக்கு ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்த கறுப்புக் கோடு, அதிலும் அடியில் அகலமாகிக்கொண்டே போவது, நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் கறுப்பு பரவுவது. இந்தக் கடைசி அறிகுறியை ஜொனாதன் ஹட்சின்சன் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். அடிபட்டு வந்த ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர அதுவும் முன்னால் நகரும், பின்னால் சுத்தமான நகம் தெரியும். நகராமல் அதே இடத்தில் நின்றால் அது ரத்தக்கட்டு இல்லை. கால் பெருவிரல் நகம் முழுசாக வளர ஒன்று, ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, இரண்டு மாதத்தில் நகர்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரு கோடு போட்டு போனில் படம் எடுத்து வைத்தால் போதும். நெயில் பாலிஷும் மருதாணியும் இருந்தால் இது எதுவும் கண்ணில் படாது என்பதையும் சொல்லுங்கள்.

நிறமே இல்லாத வகையும் உண்டு. அதுதான் ஆளை ஏமாற்றும். வெறும் சிவந்த சதையாக, ஆறாத காயமாக, நகச்சுத்தியாகவே அது தெரியும். அதனால்தான் கறுப்பை மட்டும் தேடாதீர்கள் என்கிறேன். பிரிட்டனில் 2010-ல் பாத மருத்துவர்களும் தோல் மருத்துவர்களும் சேர்ந்து ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். தோலின் நிறமில்லாத எந்த நிறமாவது இருக்கிறதா, என்னவென்று உறுதியாகத் தெரியவில்லையா, ரத்தமோ நீரோ கசிகிறதா, வைத்தியம் செய்தும் பெரிதாகிறதா, இரண்டு மாதமாகியும் ஆறவில்லையா என்று ஐந்தே கேள்விகள். இதில் இரண்டுக்கு ஆம் என்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஆயாவின் குதிகால் நர்சிங் ஹோம் மேஜையில் இருந்த அன்று ஐந்துக்கும் ஆம்தான்.

இந்த ஐந்து கேள்வியைக் கேட்க உங்களிடம் ஆள் இல்லையா? தாராளமாக இருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்காக 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் வைத்திருக்கிறீர்கள். அதில் நர்ஸம்மா நோயாளியின் பாதத்தைக் கையில் பிடித்து, நைலான் இழையால் குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார். அந்தப் பாதத்தின் அடிப்பக்கத்தையும், விரலிடுக்கையும், பத்து நகத்தையும் நல்ல வெளிச்சத்தில் ஒரு தரம் பார்க்க இன்னும் ஒரு நிமிடம் ஆகுமா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை தருகிற பெண்கள் எங்கள் தெருவில் எல்லாருக்கும் பழக்கம். "ஆயா, கால காட்டு" என்று உரிமையாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். மார்பகம், கருப்பைவாய், வாய் என்று புற்றுநோய்ப் பரிசோதனை செய்கிறீர்கள், நல்லது. இவ்வளவு அரிய நோய்க்கு ஊரையே கூட்டிப் பரிசோதனை செய்யச் சொல்வது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். ஏற்கெனவே கையில் இருக்கும் பாதத்தை முழுசாகப் பார்க்கத்தான் சொல்கிறேன். சர்க்கரைப் புண் என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை. மாதக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மெலனோமா ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

அந்த இளம் மருத்துவர் வைத்திருந்த லென்ஸுக்கு டெர்மோஸ்கோப் என்று பெயர். பாதத் தோலில் ரேகைகள் மேடும் பள்ளமுமாக ஓடுகின்றன அல்லவா, சாதாரண மச்சத்தில் நிறம் பள்ளத்தில் தங்கும், மெலனோமாவில் மேட்டில் படியும். அதை அந்த லென்ஸ் காட்டிவிடுகிறது. 2004-ல் ஜப்பான் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், மேட்டில் படிந்த நிறம் 86 சதவீத மெலனோமாக்களில் தெரிந்தது. நல்ல மச்சங்களில் 99 சதவீதத்தில் அப்படித் தெரியவில்லை. கையடக்கக் கருவிகள் சில ஆயிரம் ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. மண்டலத்துக்கு ஒன்று வாங்கி, அதில் எடுத்த படத்தைத் தோல் மருத்துவருக்கு அனுப்பும் பழக்கத்தை ஏற்படுத்தினால், பயந்து வருபவர்களில் பெரும்பாலோரை அங்கேயே தைரியம் சொல்லி அனுப்பிவிடலாம்.

சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றதும் எங்கள் வீட்டிலேயே சண்டை வந்தது. "கத்தி வெச்சா பரவிடும்" என்று என் சித்தப்பா ஒரே பிடியாக நின்றார். வடசென்னையில் இந்த நம்பிக்கை எல்லாத் தெருவிலும் இருக்கிறது. முறையாகச் சதை எடுப்பதால் மெலனோமா பரவுவதில்லை, நோயாளியின் ஆயுளும் குறைவதில்லை. ஆய்வுகளில் பார்த்தது இது. சிறியதாக இருந்தால் சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் விட்டு முழுசாக எடுப்பார்கள், பெரியதாக இருந்தால் மிகத் தடித்த இடத்திலிருந்து ஒரு துண்டு. மேலாகச் சீவி எடுத்தால் ஆழம் தெரியாமல் போகும். இதைப் பத்து வரியில் எளிய தமிழில் எழுதி ஓ.பி. அறைச் சுவரில் ஒட்டினால், எங்கள் வீட்டில் நடந்த சண்டை நாலு வீட்டில் நடக்காது. சித்தப்பா கடைசியில் மருத்துவர் சொல்லிக் கேட்கவில்லை, எங்கள் தெருவில் மார்பகப் புற்றிலிருந்து மீண்ட ஒரு அக்கா சொல்லித்தான் கேட்டார். அது தனிக்கதை.

ஆயாவுக்குக் குதிகாலில் அகலமாக எடுத்து, பாதத்தின் உட்குழிவிலிருந்து தோலையும் சதையையும் ரத்தக்குழாயோடு திருப்பிவைத்து மூடினார்கள். தொடையில் சுரண்டிய தோலைக் குதிகாலில் ஒட்டினால் எடை தாங்காமல் பிய்ந்துவிடும் என்று விளக்கினார் அறுவை மருத்துவர். நெறியில் ஊசி போட்டுப் பார்த்ததில் நோய் அங்கேயும் போயிருந்ததால் தொடையிடுக்கு நெறிகளையும் எடுக்க வேண்டியிருந்தது. அந்த அறுவைக்குப் பிறகு கால் வீங்குவது வழக்கம். காலைப் பார்த்தவர்கள் எல்லாம் "யானைக்காலா?" என்று கேட்டது ஆயாவுக்கு நோயைவிடப் பெரிய அவமானமாகிவிட்டது. காலுக்கு இறுக்கமான உறை போடுவது, தூக்கி வைப்பது, தடவிவிடுவது எப்படி என்று சொல்லித்தர ஓர் ஆள் இருந்தால் பாதி வேதனை குறையும். அறுவை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

மருந்துச் செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பேச ஆரம்பித்தால் வயிறு எரியும். பரவிய மெலனோமாவுக்கு 2011 முதல் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் மருந்துகள் வந்தன. அந்த வழியைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் கிடைத்தது. வெயிலால் வரும் மெலனோமாவில் அவை நன்றாக வேலை செய்கின்றன. பாதத்தில் வரும் இந்த வகையில் பலன் குறைவுதான், ஆனாலும் சிலருக்குக் கைகொடுக்கிறது. விலையோ லட்சங்களில். ஆண்டுக்கு 5 லட்சம் வரையான முதலமைச்சரின் காப்பீடு இருக்கும் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கு எத்தனை மாதம் தாங்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

விலை குறைந்த ஒரு வழி சிலருக்கு உண்டு. மெழுகுக் கட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அதற்கு இங்கேதான் வேலை. இந்த வகை மெலனோமாவில் ஒரு பகுதியினருக்கு 'கிட்' என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு இமாட்டினிப் மாத்திரை பலன் தருவதாக 2011-ல் வந்த ஆய்வுகள் காட்டின. எல்லாருக்கும் இல்லை, நாலைந்து பேரில் ஒருவருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கலாம். அந்த மாத்திரை இந்தியாவில் மலிவாகக் கிடைப்பதற்குச் சென்னைக்கே ஒரு பங்கு உண்டு. அதன் புதிய வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006-ல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அந்த மறுப்புக்கு அடிப்படையான சட்டப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் போட்ட வழக்கை 2007-ல் தள்ளுபடி செய்தது சென்னை உயர் நீதிமன்றம். கடைசியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அந்த உயர் நீதிமன்றத்திலிருந்து காசிமேடு கூப்பிடு தூரம். மலிவு மருந்து கையில் இருக்கிறது. அது யாருக்குப் பயன்படும் என்று சொல்லும் மரபணுப் பரிசோதனைக்குத்தான் எங்களிடம் காசு இல்லை. கால் மெலனோமா என்று உறுதியாகி, நோய் நெறியைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் அந்தப் பரிசோதனையை அரசுச் செலவில் செய்யுங்கள். வருடத்துக்கு எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? அரிய நோய் என்பதால் ஒரே ஒரு நன்மை உண்டு, செலவு கஜானாவைத் தொடாது.

அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954 முதல் இருக்கிறது. போய்ப் பார்த்துக் குணமானவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. ஆனால் எண்ணூரில் குடியிருக்கும் ஒருவர் ஒரு கட்டு மாற்றவும் ஒரு ஸ்கேன் எடுக்கவும் ஊரின் அந்தக் கோடிக்குப் போனால் அன்றைய பிழைப்பு போச்சு. கண்டுபிடிப்பதும், சதை எடுப்பதும், அறுவைக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தழும்பையும் நெறியையும் தொட்டுப் பார்ப்பதும் ராயபுரத்திலேயே நடக்கட்டும். ஸ்டான்லியில் தோல் பிரிவும், கை அறுவைக்குப் பெயர் பெற்ற ஒட்டுறுப்பு அறுவைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மாதம் ஒரு நாள் இந்த இரண்டு பிரிவுகளும் புற்றுநோய் மருத்துவரும் ஒரே அறையில் உட்கார்ந்து கால், கை, நகக் கட்டிகளைப் பார்த்தால், நோயாளி சீட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று கட்டடம் அலைய வேண்டாம்.

ஆயா இப்போது நடக்கிறார். மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, அடுத்த வீட்டுப் பெண்ணின் கூடையிலிருந்து மீன் வாங்கிக்கொண்டே அவளுக்கு வியாபாரம் சொல்லித்தருகிறார். ஸ்கேனில் இதுவரை வேறெங்கும் எதுவும் தெரியவில்லை. அடுத்த ஸ்கேன் வரைக்கும் நிம்மதி.

உங்கள் துறை இதில் முதல் அடி எடுத்து வைப்பதானால் காசிமேட்டிலேயே ஒரு பாத முகாம் வைக்கலாம். ஒரு யோசனை மட்டும். ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள், அன்றுதான் எங்களுக்கு வியாபாரம். ஒருத்தரும் வர மாட்டார்கள். காலை பத்து மணியும் வேண்டாம், ஏலத்துக்குப் போனவர்கள் அப்போதுதான் வீடு திரும்பித் தூங்குவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஆண்கள் வலை பின்னிக்கொண்டு துறைமுகத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள், பெண்களுக்கும் கொஞ்சம் ஓய்வு. அந்த இரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு வாரம், மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள். கால் கழுவ நிறையத் தண்ணீரும், நல்ல வெளிச்சமும், ஃபார்மலின் டப்பாக்களும் கொண்டுவாருங்கள். ஆட்களைக் கூட்டிவருவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மீன்காரியின் பேத்தி,
காசிமேடு, சென்னை.